எர்த்தும் கிரவுண்டும்

கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்றாடி நின்றுவிடும், நின்றால் மூன்று பேருக்கும் ஒரு வருஷம் போய்விடும், அதனால் எடுக்கக் கூடாது, மூக்கு அரித்தாலும் எடுக்கக் கூடாது, மூக்கு இப்போதுதான் அரிக்கும், அதற்கு வேறு நேரமே கிடைக்காது. மேசை மேல் அட்டையில் செய்த ஒரு கோழிக் கொட்டகை. உள்ளே குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க ஒரு பல்பு, சூடு ஏறினால் வேகமெடுக்க ஒரு சின்னக் காற்றாடி. கொட்டகைக்கு வெளியே, கணக்குப் போடுகிற பச்சைப் பலகை ஒன்று, அது சொல்கிறபடி காற்றாடிக்குக் கரண்ட் விடுகிற சிவப்புப் பலகை ஒன்று, இரண்டுக்கும் நடுவே சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி ஒயர்கள், அவற்றின் மேல் என் வலது கை. கட்டைவிரல் சிவப்புப் பலகையின் மூலை ஸ்க்ரூவில், நடுவிரல் பச்சைப் பலகையில் லாப்டாப் ஒயர் செருகியிருக்கிற தகர வாயில். இப்படி ஒரு முத்திரை பிடித்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. ஏன் என்று தெரிந்தால் நான் ஏன் இப்படி நிற்கிறேன். காலையில் வந்து ஸ்விட்சைப் போட்டால் ஒன்றுமே அசையவில்லை. ஒவ்வொரு ஒயராக அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தபோது கை இந்த இடத்தில் பட்டது, காற்றாடி சுற்றியது, "ஏய் மாரீஸ், அப்படியே இரு, அசையாத" என்றான் ஜெபர்சன், அன்றிலிருந்து, அதாவது இன்று காலையிலிருந்து, அப்படியே இருக்கிறேன். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வேறு கல்லூரியிலிருந்து வந்திருக்கிறார். முதல் மேசையைப் பார்த்தார், இரண்டாவது மேசையைப் பார்த்தார், அதற்குள் களைத்துப்போய் ஹெச்.ஓ.டி. அறைக்கு வடை சாப்பிடப் போய்விட்டார். எங்களுடையது ஏழாவது மேசை. வடை எப்போது தீர்ந்து, அவர் எப்போது கை கழுவி, எப்போது ஏழாவது மேசைக்கு வருவது. "மாரீஸ்வரி, கைய மட்டும் எடுத்துறாத என்ன" என்று சௌந்தர்யா தன் பங்குக்குச் சொல்லிவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போகிறாள். அவளுக்கு இரண்டு கைகள் இருக்கின்றன, இரண்டும் சும்மா இருக்கின்றன.

நாங்கள் படிப்பது எலெக்ட்ரிகல் அண்ட் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். கவுன்சலிங்கில் கிடைத்தது இதுதான், "ஒரே படிப்புல ரெண்டு படிப்பும்மா" என்று அப்பா சந்தோஷப்பட்டார், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு ஒரு டிரிப்பில் இரண்டு தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்ட திருப்தி. நான்கு வருஷமாக எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்வி. "நீ கரண்டா, கம்ப்யூட்டரா?" என்பார் சித்தப்பா. ரெண்டும் சித்தப்பா என்றால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும், சைவமா அசைவமா என்று கேட்டதற்கு ரெண்டும் என்று சொன்ன மாதிரி. பிறகு மிக்ஸி ஓடவில்லை என்பார், பிறகு போன் ஹேங் ஆகிறது என்பார், இரண்டும் எனக்குத் தெரியாது என்றதும், "அப்ப என்னதான் சொல்லிக் குடுக்காய்ங்க" என்று பாயசத்துக்குப் போய்விடுவார். நியாயமான கேள்வி, நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலேஜுக்குள்ளேயே எலெக்ட்ரிகல்காரர்கள் எங்களைக் கம்ப்யூட்டர் என்கிறார்கள், கம்ப்யூட்டர்காரர்கள் ஒயர்மேன் என்கிறார்கள், வேலைக்கு ஆளெடுக்க வருகிற கம்பெனிகளின் பட்டியலில் எங்கள் பேரே கிடையாது, 'இதர' என்பதைத் தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். நான் ஓர் இதர. வாத்தியார்களிலும் பாதி அங்கிருந்து, பாதி இங்கிருந்து. எங்கள் கைடு திருமேனி சார் கரண்ட் ஆள், மோட்டாரைத் தவிர மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர். இன்டெர்னல் எக்ஸாமினர் ஷீலா மேடம் கம்ப்யூட்டர், ஸ்க்ரூடிரைவரைக் கண்டால் எட்டி நிற்பவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள், அதோடு சரி. நான்கு வருஷம் ஒருவர் பாடத்தை மற்றவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

கை வியர்க்கிறது. வியர்த்தால் நல்லது போலிருக்கிறது, காற்றாடி இன்னும் சீராக ஓடுகிறது. மேலே சுற்றுகிற ஃபேன் காற்றில் விரல் காய்ந்தால் திணறுகிறது. இது என்ன கர்மம், என் வியர்வைக்கும் கோழிக் கொட்டகைக்கும் என்ன சம்பந்தம். மேசைக்கு அடியில் ஜெபர்சனின் காலருகே ஒரு ஜவுளிக்கடைப் பை இருக்கிறது, அதற்குள் இன்னொரு கோழிக் கொட்டகை இருக்கிறது, அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்று நினைக்கிறேன், அதையேதான் நினைக்கிறேன். எல்லாப் பேட்ச்சும் செய்வதைத்தான் ஜெபர்சனும் சௌந்தர்யாவும் செய்தார்கள். மதுரையில் ப்ராஜெக்ட் சென்டருக்குப் போவது, தலைப்புப் பட்டியலைப் பார்ப்பது, ஜவுளி எடுப்பது போல ஒன்றைக் காட்டி இதைக் குடுங்கண்ணே என்பது, அவர் பெட்டியில் போட்டுத் தருவதைக் கொண்டுவந்து மேசையில் வைப்பது. ரிப்போர்ட்டும் அவரே தருவார், கேள்வி வந்தால் சொல்லப் பதிலும் அவரே தருவார். நான்தான் முடியாது என்றேன். ஜனவரியில் மரத்தடியில் நின்றுகொண்டு, நாமளே செய்வோம், நாலு வருஷம் படிச்சிட்டு ஒரு காத்தாடி ஓட்டத் தெரியாதா என்று பெரிய மனுஷி மாதிரி பேசினேன். "ஓடலைன்னா?" என்றான் ஜெபர்சன். ஓடும்டா என்றேன். அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூனில் சேர வேண்டும், சேரும்போது எல்லாப் பேப்பரும் பாஸாகி இருக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே போட்டிருக்கிறார்கள். அவனும் பாவம் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு, எனக்குத் தெரியாமல் இருவருமாகப் போய் ஒன்றை வாடகைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். இன்று காலைதான் சொன்னார்கள். கோபம் வந்திருக்க வேண்டும், வந்தது, ஆனால் கை மாட்டிக்கொண்டிருக்கும்போது என்னத்தைக் கோபப்படுவது. அந்தப் பையில் இருப்பதில் ஒரு சின்னத் திரை இருக்கிறது, ஸ்விட்சைப் போட்டதும் வரவேற்பு சொல்கிறது, வேறு ஏதோ காலேஜின் பேரைச் சொல்லி. போன வருஷம் வாங்கினவர்கள் தங்கள் பேரைப் போடச் சொல்லியிருக்கிறார்கள், சென்டர்க்காரர் அழிக்க மறந்துவிட்டார். இதற்கு ஜெபர்சன் கண்டுபிடித்த வழி, திரை மேல் கறுப்பு டேப்பை ஒட்டியது. "ரிப்பேர்னு சொல்லிக்கிருவோம்" என்கிறான். இன்ஜினியர்.

நேற்று ஓடியது. அதுதான் எரிச்சல். ஒருநாளும் ஓடாதது இன்று ஓடவில்லை என்றால் மனசு ஒத்துக்கொள்ளும், நேற்று மத்தியானம் இதே லேபில், இதே மேசையில், யாரும் தொடாமல் அது பாட்டுக்கு ஓடியது, நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன், அம்மாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். அம்மா அதைத் தெருப் பூராவும் காட்டியிருப்பாள், மகளே செஞ்சது, கடையில வாங்கலை என்று. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம். நேற்று வியாழன். அது இல்லை. நேற்று அடாப்டர் ஒன்றுதான், சுவரிலிருந்து வருகிற ஒரே அடாப்டர், அதிலிருந்தே சிவப்புப் பலகைக்கும் ஒரு ஜோடி ஒயர், பச்சைப் பலகைக்கும் ஒரு ஜோடி ஒயர். நேற்று சாயங்காலம் திருமேனி சார் வந்தார், சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார், அவருக்கு அது போதவில்லை. "கம்ப்யூட்டர்னு பேர்ல இருக்குல்ல, ஸ்க்ரீன்ல எதாச்சும் நெளியணும்ல. லாப்டாப்ப மாட்டி ஒரு கிராஃப் காட்டுங்க" என்றார். இன்று காலையில் வந்ததும் மாட்டினேன். லாப்டாப்பை மாட்டினால் பச்சைப் பலகை அதிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும், அடாப்டரிலிருந்து வந்த ஜோடி தேவையில்லை, இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் போனால் புகைந்துவிடும் என்று பயந்து அந்த ஜோடியை உருவிவிட்டேன். சரியாகத்தான் செய்தேன். கிராஃப் வந்தது, காற்றாடி அசையவில்லை. லாப்டாப்பில் வருகிற கரண்ட் போதவில்லையோ, ஆனால் பச்சைப் பலகையில் விளக்கு பளிச்சென்று எரிகிறது. புரோகிராமில் தப்போ, நேற்று இருந்த அதே புரோகிராம். சிவப்புப் பலகை செத்துவிட்டதோ, செத்தது எப்படி நான் தொட்டால் எழுந்துவரும், நான் என்ன மாரியாத்தாவா, பேரில் மட்டும்தானே இருக்கிறாள். மறுபடியும் முதலிலிருந்து. நேற்று ஓடியது. நேற்று அடாப்டர் ஒன்று. இன்று லாப்டாப். அதே இடத்துக்குத்தான் வந்து முட்டுகிறேன், செக்குமாடாவது எண்ணெய் கொடுக்கும்.

தோள்பட்டை வலிக்கிறது. இந்த வலி எனக்குப் புதிதில்லை, எங்கோ பட்டிருக்கிறேன், எங்கே, டி.வி.க்குப் பின்னால். எங்கள் வீட்டு டி.வி.யில் கேபிள் ஒயரின் பின் லூஸாக இருக்கும், விட்டால் திரை முழுவதும் புள்ளி புள்ளியாகப் பொரியும், யாராவது பின்னால் போய் அழுத்திப் பிடித்துக்கொண்டால் பளிங்கு மாதிரி தெரியும். அந்த யாராவது எப்போதும் நான்தான். அண்ணன் கிரிக்கெட் பார்ப்பான், அம்மா தொடர் பார்ப்பாள், அப்பா செய்தி பார்ப்பார், நான் சுவரைப் பார்ப்பேன். "அப்படியே இரு பாப்பா, நகராத, நகராத" என்று மூவரும் ஒரே குரலில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மூவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. கத்துவது கேட்கும், அழுவது கேட்கும், யார் அவுட்டானது, யார் யாருக்கு விஷம் வைத்தது என்று எனக்கு ஒன்றும் தெரியாது, காதால் மட்டும் கேட்டு நானாக முகங்களைக் கற்பனை செய்துகொள்வேன். பின்னை மாற்றினால் ஆகிவிட்டது, கேபிள்காரர் ஒரு நிமிஷத்தில் மாற்றித் தருவார், ஆனால் நான் இருக்கும்போது எதற்கு மாற்றுவது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. பிடிக்க ஆள் இருந்தால் யாரும் எதையும் சரிசெய்ய மாட்டார்கள். ஜெபர்சன் பிஸ்கட்டை நீட்டுகிறான், இடது கையால் வாங்கு என்கிறான். "இன்னும் கொஞ்ச நேரந்தான் மாரீஸ்." டேய், நீ வந்து பிடியேன்டா என்றேன். பிடித்தான், ஓரமாக, உலர்ந்த விரலால், பட்டும் படாமல், காற்றாடி நின்றது. "பாத்தியா, ஒங்கைதான் ராசி" என்று அவசரமாக எடுத்துக்கொண்டான். ராசியாம். எலெக்ட்ரிகல் அண்ட் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங், எட்டாவது செமஸ்டர், ராசி.

வந்துவிட்டார். வாய் துடைத்துக்கொண்டே எக்ஸ்டர்னல், அவருக்கு ஒரு பக்கம் திருமேனி சார், மறுபக்கம் ஷீலா மேடம், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வருகிறார்கள். குட்டையான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்க்கிறார். மூன்றாவது மேசை, நான்காவது மேசை. ஒவ்வொன்றிலும் 'ஸ்மார்ட்' என்று தொடங்குகிற தலைப்பு, ஸ்மார்ட் தெருவிளக்கு, ஸ்மார்ட் குப்பைத்தொட்டி, தொட்டியைத் தவிர அங்கே ஸ்மார்ட்டாக ஒன்றையும் காணோம். ஐந்தாவது மேசையில் இரண்டு நிமிஷம். ஆறாவது மேசையில் ஸ்விட்சைப் போட்டார்கள். எனக்கு எட்டிப் பார்க்க முடியாது, ஆனால் அவர் வாய்விட்டுப் படித்தது கேட்டது. வெல்கம் டு என்று ஆரம்பித்து ஒரு காலேஜின் பேர். எங்கள் காலேஜின் பேர் இல்லை. "ஏன்ப்பா, நீங்க எந்தக் காலேஜு?" என்றார், கோபமே இல்லாமல், பஸ்ஸில் பக்கத்து சீட்காரனைக் கேட்கிற மாதிரி. பையன்கள் எங்கள் காலேஜின் பேரைச் சொன்னார்கள். "அப்ப இது உங்க ப்ராஜெக்ட் இல்லையே. அந்தக் காலேஜ் பசங்க வந்தா நான் பாத்துக்கிறேன். நீங்க உங்களோடத எடுத்துக்கிட்டு அடுத்த வருஷம் வாங்க." ஃபைலை மூடுகிற சத்தம். அவ்வளவுதான், நான்கு பையன்கள், ஒரு வருஷம். என் பக்கத்தில் சௌந்தர்யா முனகுகிறாள், அதே சென்டர்டி, அதே ஆள்டி. ஜெபர்சன் முகத்தில் ரத்தமே இல்லை, காலால் ஜவுளிக்கடைப் பையை மேசைக்கு அடியில் சுவர்வரை தள்ளுகிறான். இனி அது கிடையாது. இனி இருப்பது என் கை மட்டும்தான், ஓசூரும் அதில்தான் இருக்கிறது, அம்மா தெருவில் காட்டிய வீடியோவும் அதில்தான் இருக்கிறது, விரல் மரத்துப்போய்விட்டது, அது என்னுடைய விரல்தானா என்றே தெரியவில்லை. பயமாக இருக்கிறது. அடுத்த வருஷம் ஜூனியர் பிள்ளைகளோடு இந்த லேபில் தனியாக வந்து நிற்க வேண்டும். நான்தானே சொன்னேன், நாமளே செய்வோம் என்று. யார் சொல்லச் சொன்னது. ஒரு பட்டியலில் ஒரு தலைப்பைக் காட்டுவதற்கு எனக்கு என்ன வலித்தது.

மரத்துப்போன விரலுக்கு உயிர் வரட்டும் என்று கட்டைவிரலை மட்டும் மெல்லத் தூக்கினேன். நின்றது. வைத்தேன், ஓடியது. நடுவிரலை மட்டும் தூக்கினேன். நின்றது. அப்படியானால் அழுத்தம் இல்லை, சூடு இல்லை, லூஸான ஒயரும் இல்லை, ஒரு விரல் போதாது, இரண்டு விரலும் வேண்டும், இரண்டு இடத்தையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், இங்கேயிருந்து அங்கே என் கை வழியாக ஏதோ போகிறது. காய்ந்தால் போகாது, வியர்த்தால் போகும். நான் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, நான் இணைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்க்ரூ இருக்கிற மூலையில் என்ன எழுதியிருக்கிறது, ஜி.என்.டி., கிரவுண்டு. லாப்டாப் ஒயரின் தகர வாய் எது, அதுவும் கிரவுண்டு. நேற்று அடாப்டரிலிருந்து இரண்டு ஜோடி, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு, கறுப்பு இரண்டும் அடாப்டரில் போய் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. இன்று நான் என்ன செய்தேன், சிவப்பை மட்டும் எடுத்திருக்க வேண்டும், கறுப்பையும் சேர்த்து உருவினேன். ஒரு பலகை லாப்டாப்பில், இன்னொன்று அடாப்டரில், பச்சைப் பலகை சொல்வது சிவப்புப் பலகைக்குப் புரியவில்லை, ஏனென்றால் எதிலிருந்து அளக்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை, இரண்டுக்கும் பொதுவான ஒரு பூஜ்யம் இல்லை. ஒரே ஒரு கறுப்பு ஒயர். அய்யோ அவ்வளவுதானா. இரண்டாம் வருஷம் திருமேனி சாரிடம் கேட்டேன், மிக்ஸி பிளக்கில் இருக்கிற எர்த்தும் இந்தக் கிரவுண்டும் ஒன்றா சார் என்று. "அது எலெக்ட்ரானிக்ஸ் மேட்டர், அங்கிட்டுப் போய்க் கேளு" என்றார். அங்கிட்டுப் போய்க் கேட்டேன். "அது உங்க எலெக்ட்ரிகல் சைடும்மா, பரீட்சைக்கு வராது" என்றார் ஷீலா மேடம். பரீட்சைக்கு வராதாம். கரண்ட் படிப்பு அங்கே, கம்ப்யூட்டர் படிப்பு இங்கே, இரண்டும் சேர்கிற இடத்தைக் கற்றுத்தருவது அவர் வேலை என்று இவரும் இவர் வேலை என்று அவரும் நான்கு வருஷம் கழித்துவிட்டார்கள், அந்த இடத்தில்தான் காலையிலிருந்து என் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் கை ஆடும் என்று அடக்கிக்கொண்டேன்.

"என்னம்மா, ஏன் அதப் பிடிச்சிட்டு நிக்கிற?" எக்ஸ்டர்னல் வந்துவிட்டார், எனக்கு எதிரில். நான் வாயைத் திறப்பதற்குள் திருமேனி சார் முந்திக்கொண்டார். "லூஸ் காண்டாக்ட் சார். நேத்து நல்லா ஓடுச்சு, நான் பாத்தேன்." ஷீலா மேடமும் தலையாட்டினார், அவர்கள் இருவரும் எதிலும் ஒத்துப்போய் நான் பார்த்தது அப்போதுதான். எக்ஸ்டர்னலும் தலையாட்டினார், லூஸ் காண்டாக்ட் என்றால் நம் ஊரில் யாரும் மேலே கேட்பதில்லை, அவர் பேனாவைத் திறந்துவிட்டார், மார்க் ஷீட்டில் எங்கள் பேரைத் தேடுகிறார், ஜெபர்சன் விட்ட மூச்சு என் காதில் பட்டது, சும்மா இரு மாரீஸ்வரி, பேசாமல் இரு, பாஸ், மூன்று பேரும் பாஸ், அடுத்த மேசைக்குப் போகட்டும், ஆனால் இது லூஸ் காண்டாக்ட் இல்லை, எனக்குத் தெரியும், இந்தப் படிப்பில் எனக்கே எனக்கென்று தெரிந்த ஒரே விஷயம் அது, அதையும் லூஸ் காண்டாக்ட் என்று எழுதிக்கொண்டு போவாரா. "இல்ல சார்" என்றேன். சௌந்தர்யா என் செருப்பை மிதித்தாள். "என்ன இல்ல?" என்றார். "லூஸ் காண்டாக்ட் இல்ல சார். ரெண்டு போர்டுக்கும் கிரவுண்டு சேரல சார். லாப்டாப் மாட்டுறப்ப அந்தக் கறுப்பு ஒயரையும் சேத்துக் கழட்டிட்டேன். இப்ப அந்த ஒயருக்குப் பதிலா நான் நிக்கிறேன்." திருமேனி சார் கூரையைப் பார்த்தார். எக்ஸ்டர்னல் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என் விரல்களைக் குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். "அப்ப ஒயரப் போட்டுட்டு கைய எடு. ஓடலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். என் விரல் மடங்கவில்லை, கட்டை மாதிரி நின்றது. "ஜெபர்சன், நீ போடுடா." நான்கு வருஷத்தில் ஓர் ஒயரின் தோலைக்கூட உரிக்காதவன், மேசையில் கிடந்த கறுப்பு ஒயர் ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்து உரித்தான், ஒரு முனையை ஸ்க்ரூவில் சுற்றினான், இன்னொரு முனையை எங்கே என்று என்னைப் பார்த்தான், கண்ணில் தண்ணீர் நிற்கிறது அவனுக்கு. அங்கன, பச்சைப் பலகைல ஜி.என்.டி.ன்னு போட்டிருக்குல்ல, அதுல சொருகு. சொருகினான். இப்போது கையை எடுக்க வேண்டும். எடுக்கத் தைரியம் வரவில்லை, நான் நினைத்தது தப்பாக இருந்தால், கறுப்பு ஒயர் கதையெல்லாம் நானாகக் கட்டிக்கொண்டது என்றால். எடுத்தேன். ஓடியது. யாரும் தொடாமல், அது பாட்டுக்கு, பல்பு சூடேற ஏற இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியது. சௌந்தர்யா என் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். எக்ஸ்டர்னல் மார்க் ஷீட்டில் ஏதோ எழுதினார், எழுதிக்கொண்டே, "நல்லாச் சொன்னம்மா. இத உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். திருமேனி சார் கூரையிலிருந்து இறங்கி வந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓர் அடி முன்னால் நின்றார். ஷீலா மேடம் சிரித்த முகமாக என்னைப் பார்த்தார். இருவரும் காத்திருந்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. "யாரும் சொல்லித் தரல சார்" என்றேன். சொன்ன பிறகுதான் அது அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று தோன்றியது. தோன்றியும், மாற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.